அமெரிக்க நெடுஞ்சாலை எண்களுக்குக் கணக்கு ஏதாவது உண்டா?

உண்டு, பிடிபட்டால் சுலபம். நீலமும் சிவப்புமான கேடயப் பலகை என்றால் இன்டர்ஸ்டேட், அதாவது மாநிலங்களை இணைக்கும் விரைவுச்சாலை; எண்ணுக்கு முன்னால் வரும் 'ஐ' அதன் சுருக்கம். ஒற்றைப்படை எண் தெற்கு வடக்காக ஓடும், இரட்டைப்படை கிழக்கு மேற்காக. மேற்குக் கரையில் ஐ-5, கிழக்கே போகப் போக எண் ஏறி அட்லாண்டிக் பக்கம் ஐ-95. அதேபோல தெற்கே ஐ-10, வடக்கே ஐ-90.

வெள்ளைக் கேடயத்தில் கறுப்பு எண் இருந்தால் அது 1926-லேயே வந்த பழைய யு.எஸ். ரூட், அதற்குக் கணக்கு அப்படியே தலைகீழ்: கிழக்கில் 1, மேற்கில் 101. இரண்டும் ஒன்றோடொன்று குழம்பக் கூடாதென்றுதான் பின்னால் வந்த இன்டர்ஸ்டேட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணினார்கள்.

இன்டர்ஸ்டேட்டில் மூன்று இலக்கம் வந்தால் முதல் இலக்கத்தைப் பாருங்கள். இரட்டைப்படை என்றால் பெரும்பாலும் ஊரைச் சுற்றும் வளையம், வாஷிங்டனைச் சுற்றும் ஐ-495 மாதிரி. ஒற்றைப்படை என்றால் கிளைச்சாலை.

அப்புறம் மாநிலச் சாலைகள். இங்கே ஆளுக்கொரு பலகை: கலிபோர்னியாவில் சுரங்கத் தொழிலாளியின் மண்வெட்டி வடிவம், யூட்டாவில் தேன்கூடு, கான்சஸில் சூரியகாந்தி. எனக்குப் பிடித்தது வாஷிங்டன் மாநிலப் பலகைதான், எண்ணே ஜார்ஜ் வாஷிங்டன் தலைக்குள் உட்கார்ந்திருக்கும்!

விதிவிலக்கும் உண்டு. பென்சில்வேனியாவின் ஐ-99, கணக்குப்படி ஐ-95-க்குக் கிழக்கே இருக்க வேண்டியது, எங்கோ மேற்கே கிடக்கிறது. அந்த எண்ணைப் போட்டது பொறியாளர்கள் இல்லை, பட் ஷூஸ்டர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் சட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டார்.