சேலத்தில் அம்மா தனியாக இருக்கிறார், நான் புனேயில். வீட்டில் கேமரா வைத்தால் போதுமா?

போதாது. நான் உங்களைப் போல வெளியூர் மகன் இல்லை. அம்மாபேட்டையில், தனியாக இருக்கும் ஒரு பெரியம்மாவின் எதிர் வீட்டுக்காரன். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கேயும் கேமரா இருந்தது, ஹாலில். பெரியம்மா வழுக்கி விழுந்ததோ குளியலறையில். காலை எட்டு மணியாகியும் கேட்டில் மாட்டிய மஞ்சப்பையில் பால் பாக்கெட் அப்படியே தொங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. ஓடினால் வாசல் கதவு உள்தாழ்ப்பாள். ஆசாரியைக் கூட்டிவந்து பெயர்த்தெடுக்க முக்கால் மணி நேரம். உள்ளேயிருந்து, "பாத்து கண்ணு, தேக்குக் கதவு" என்று குரல் வேறு! நல்லவேளை, மணிக்கட்டு முறிவோடு போயிற்று. மகனுக்குச் சொல்லலாமென்றால் நம்பர் என்னிடம் இல்லை. பெரியம்மாவின் போனுக்கோ பூட்டு.

அதனால் முதலில் தாழ்ப்பாளைக் கவனியுங்கள். வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற பூட்டாக மாற்றி, ஒரு சாவியை எதிர் வீட்டில் கொடுங்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றியே விடலாம். தனியாக இருப்பவருக்கு அது எதற்கு? உங்கள் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

மற்றவை சுலபம்தான். 2021-ல் வந்த தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பெரியம்மாவுக்கு ரயில்வே குடும்ப ஓய்வூதியம். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடு இருப்பதற்கான சான்று, தர வேண்டும். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை விழவில்லை. போனில் முகத்தைக் காட்டியே முடித்துவிட்டோம். முதியோர் உதவி எண் 14567, ஆனால் காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான். ராத்திரி விழுந்தால் 108.

அப்புறம், "அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று அக்கம்பக்கத்தில் பொதுவாகச் சொல்லாதீர்கள். எல்லாரும் சரி என்பார்கள், யாரும் போக மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். போய் எட்டிப் பார்க்க ஒரு சாக்கு வேண்டும். இப்போது என் மகள் தினமும் ஆறு மணிக்குக் கணக்கு நோட்டோடு அங்கே போகிறாள். பெரியம்மா வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லி அதட்டுவது எங்கள் திண்ணைவரை கேட்கும். அவள் ஒருநாள் போகாவிட்டால், பெரியம்மாவே கேட்டுக்கு வந்து கூப்பிடுகிறார்.