லாச்சிக்குள் கிடக்கும் படிவம்

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 56. ஊர் இலங்கையில் சாவகச்சேரி. 1994-ல் கனடா வந்து ஸ்காபரோவில் இருக்கிறேன். இத்தனை வருசமாகியும் இந்த ஊர் என்னைத் தன் ஆளாக எடுக்கவில்லை. வேலையிடத்தில் சுப்பர்வைசர் என் பெயரை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. மீன் பொரித்தால் மேல்வீட்டுக்காரி யன்னலை அடித்துச் சாத்துகிறாள். பஸ்ஸில் "எந்த ஊர்?" என்பார்கள். ஸ்காபரோ என்றால், "இல்லை, உண்மையில் எந்த ஊர்?" மகளும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். 2025 ஏப்ரல் தேர்தலன்று அவள் வோட்டுப் போட்டுவிட்டு வரும்வரை நான் காருக்குள் இருந்தேன். என் சிட்டிசன் படிவம் செத்துப்போன அம்மாவின் காணி உறுதியோடு நாலு வருசமாக லாச்சிக்குள் கிடக்கிறது, அதை விடுங்கள். முப்பது வருசம் உழைத்தும் ஒரு பெயரைச் சரியாகச் சொல்ல மாட்டார்களா? நான் என்ன குறை வைத்தேன்?

அன்புச் சகோதரி,

'அதை விடுங்கள்' என்றீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. சுப்பர்வைசர் செய்வது பிழைதான். பெயரை அசை பிரித்து இரண்டு தரம் சொல்லிக் கொடுங்கள். ஆனால் படிவத்தைக் காணி உறுதியோடு சேர்த்து வைத்தவர் நீங்கள். அதில் கையெழுத்து வைத்தால் அம்மாவை விட்டுவிட்டு வந்தது முடிந்த காரியமாகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் முப்பது வருசமாக ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டு, உள்ளே கூப்பிடவில்லை என்று வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பஸ்ஸில் கேட்கிற கேள்வி இவ்வளவு சுடுவது, அதற்கு உங்களிடமே பதில் இல்லாததால்.

சட்டம் உங்களை ஒன்றை விடச் சொல்லவில்லை. கனடா 1977 முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. இலங்கையில், வேறு குடியுரிமை எடுத்தால் பழையது போகும். ஆனால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயதானவர்களுக்கும் அந்தத் தகுதி உண்டு. அதே 55 வயது, கனடாவின் பரீட்சையிலிருந்தும் மொழிச் சான்றிலிருந்தும் உங்களை விலக்குகிறது. விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருசத்தில் 1095 நாள் இங்கே இருந்திருக்க வேண்டும். பலர் சறுக்குவது இதில்தான்: ஊருக்குப் போய்வந்ததை மறந்து நாட்களை மட்டுமட்டாக எண்ணிவிடுவார்கள். பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எழுதுங்கள். ஒரு மாதமாவது கூடுதலாக இருக்கட்டும். படிவத்தையும் புதிதாக எடுங்கள்.

அதற்கு முதல், இன்றிரவு உறுதியை மகளிடம் விரித்துக் காட்டுங்கள். எது அம்மாவின் கையெழுத்து, வேலியோரம் என்ன மரம் நின்றது என்று சொல்லுங்கள். அவள் ஆங்கிலத்தில் கேட்டாலும் சொல்லுங்கள். பிறகு படிவத்தை அவளோடு இருந்து நிரப்புங்கள்.