மகன் கம்பெனி தொடங்குகிறேன் என்கிறான்: காரைக்குடி ஆச்சி ஒருவருக்குப் பதில்

ஆச்சிக்கு வணக்கம்.

கேம்பஸில் கிடைத்த வேலையைத் தம்பி விடலாமா, கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடப் படித்த இரண்டு பேரோடு சேர்ந்து நம்மூர்ப் பலகாரத்தை ஆன்லைனில் விற்கப் போகிறானாம். கம்பெனிக்குப் பெயர் வைத்தாயிற்று, லோகோவும் போட்டாயிற்று. வேலையா தொழிலா என்று வீட்டில் நடக்கும் சண்டையைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். எதை முதலில் செய்கிறான், எதைக் கடைசியில் செய்கிறான் என்பதில்தான் எனக்குக் கவலை. முதலில் விற்றுப் பார்க்க வேண்டும். பிறகு கூட்டாளிகள் மூவரும் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுத வேண்டும். பதிவு, ஆப், ஆபீஸ் எல்லாம் அதற்கப்புறம். தம்பி கடைசியிலிருந்து தொடங்கியிருக்கிறான்.

விற்றுப் பார்ப்பது என்றால் சொந்தக்காரர்களுக்கு விற்பது அல்ல. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகளும் தாயபிள்ளைகளும் முதல் தடவை ஆசைக்கு வாங்குவார்கள், நன்றாக இருக்கிறது என்றும் சொல்வார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு, முன்பின் தெரியாத எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அப்படி 40 பேர் தேறினால் மேற்கொண்டு பேசலாம். இதற்கு ஆப் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் எண்ணும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும்.

அடுத்தது ஒரு பெட்டிக் கணக்கு. அரைக் கிலோ தேன்குழலை, கூரியரும் சேர்த்து, 320 ரூபாய்க்கு விற்கிறான் என்று வையுங்கள். பாக்கெட் செய்த நொறுக்குத்தீனிக்கு இப்போது ஜிஎஸ்டி 5 சதவீதம். 320-க்குள்ளேயே அடங்கிய அந்த வரி போனால் சுமார் 305 நிற்கும். செய்து தருபவருக்கு 150, பெட்டியும் உறையும் 30, கூரியர் 70, பேமெண்ட் கேட்வே 8, உடைந்ததற்கும் திரும்பி வந்ததற்கும் 12 என்றால் மொத்தம் 270. கையில் மிஞ்சுவது 35 ரூபாய். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்டு ஒரு புது ஆளைப் பிடிக்க 100 ரூபாய் ஆனால், அவர் மூன்று முறை வாங்கிய பிறகுதான் அந்த நூறே திரும்பும். சம்பளம், வாடகை எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. இந்தத் தொகைகள் ஒரு மாதிரிக்குத்தான். தம்பி தன்னுடைய நிஜத் தொகைகளைப் போட்டு இதே வரிசையில் எழுதிக் கொண்டு வரட்டும். எழுதத் தெரியவில்லை என்றால் இன்னும் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கூரியர் 70 ரூபாயில்தான் பிள்ளைகள் கவிழ்கிறார்கள். கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார். எது அதிகமோ அதற்குத்தான் பில். தேன்குழல் உடையக் கூடாதென்று 30-க்கு 20-க்கு 15 பெட்டியில் வைத்தால் 9000, வகுத்தால் 1.8 கிலோ. அரைக் கிலோ பலகாரத்துக்கு இரண்டு கிலோ கட்டணம்! 20-க்கு 15-க்கு 10 பெட்டியென்றால் 0.6 கிலோதான், ஆனால் அதில் தேன்குழல் முழுசாகப் போய்ச் சேராது. முதல் ஆறு மாதம் இறுகலான, எளிதில் உடையாத சரக்கை மட்டும் விற்பது நல்லது. சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் ஊகத்தில் விடக் கூடாது. விற்கப் போகும் அதே உறையில் பத்துப் பாக்கெட் கட்டி, வெயில் படும் அலமாரியில் வைத்து, 10, 20, 30-ஆம் நாளில் பிரித்துப் பார்க்க வேண்டும். காறல் வாடை எந்த நாளில் தட்டுகிறதோ, அதற்குப் பல நாள் முந்தைய தேதிதான் லேபிளில் வர வேண்டும். பலகாரம் செய்யும் ஒவ்வொரு சமையலறைக்கும் தனித்தனியே உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நாலு வீட்டில் செய்ய வைத்து ஒரே எண்ணை எல்லாப் பாக்கெட்டிலும் அடிப்பது தப்பு.

ஜிஎஸ்டி பதிவில் ஒரு குழப்பம் உண்டு. பொருள் விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்பது தமிழ்நாட்டுக்குள் விற்கும்போதுதான். பெங்களூருக்கு ஒரு பெட்டி பில் போட்டு விற்றாலும் பதிவு கட்டாயம். சிங்கப்பூருக்கு வியாபாரமாக அனுப்ப ஏற்றுமதிக் குறியீட்டு எண் எடுக்க வேண்டும், அது சுலபம்.

இனி அந்த மூன்று பேர். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று ஏற்கெனவே பேசிவிட்டார்களாம். நட்பில் அது அழகு. ஆனால் ஒருவன் எட்டாவது மாதம் கனடாவுக்குப் படிக்கப் போனால், மூன்றில் ஒரு பங்கோடு போவான். மீதி இரண்டு பேர் பத்து வருடம் அவனுக்கும் சேர்த்து உழைப்பார்கள். அப்படி ஓர் ஆள் பங்கோடு வெளியே நின்றால், முதலீடு செய்ய வருகிறவரும் யோசிப்பார். அதனால் பங்கு உழைக்க உழைக்கக் கைக்கு வரும்படி எழுதிக்கொள்வதே வழக்கம்: மொத்தம் நாலு வருடம், முதல் வருடம் முடியும் முன் போனால் ஒன்றுமில்லை, அதன் பிறகு மாதாமாதம் 48-இல் ஒரு பாகம் சேரும். 18 மாதத்தில் போகிறவனுக்கு அவன் பங்கில் 18/48, அதாவது கம்பெனியில் பன்னிரண்டரை சதவீதம் மட்டும். நம்மவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனபோது மூன்று வருடக் கணக்குக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் கப்பல் ஏறினார்கள். சொந்தக்காரராயிற்றே என்று வாய்ப்பேச்சில் விடவில்லை. தம்பி அதை ‘வெஸ்டிங்’ என்று இங்கிலீஷ் பெயரில் எழுதப் போகிறான், அவ்வளவே.

அதே தாளில் இன்னும் சில வரிகள் வேண்டும். யார் முழுநேரம், யார் பகுதிநேரம்? பணம் போட்டவனுக்கும் உழைப்பைப் போட்டவனுக்கும் எப்படி வித்தியாசம்? இருவர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் எந்த விஷயத்தில் யார் சொல் கடைசி? வலைத்தள முகவரி, இன்ஸ்டாகிராம் பக்கம், விற்பனை வாட்ஸ்அப் எண் எல்லாம் யார் பெயரில்? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லோரும் சில்லறை என்று விட்டுவிடுவார்கள். சண்டை வரும்போது பாஸ்வேர்டு வைத்திருப்பவன்தான் முதலாளி. ஒரு கூட்டாளி ஐடி கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துகொண்டே இதையும் செய்வதாக இருந்தால், அவனுடைய நியமன உத்தரவைப் படிக்க வேண்டும். வெளி வேலை செய்யக் கூடாது, எழுதும் மென்பொருள் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வரிகள் பலவற்றில் இருக்கும்.

பெயரைப் பற்றி. வைத்த பெயரை இன்னொருவர் வைத்திருக்கிறாரா என்று டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகத் தேடலாம். டிரேட்மார்க் பதிவில் சரக்குகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், தின்பண்டங்கள் பல 30-ஆம் வகுப்பில் வரும். எந்தச் சரக்கு எந்த வகுப்பு என்று பார்த்த பின் கட்டணம் கட்டுங்கள். தனிநபரோ சிறு நிறுவனமோ ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். வெறும் ‘செட்டிநாடு’ என்ற சொல்லை யாரும் தனக்கென்று வாங்க முடியாது, அதை நம்பிப் பெயர் வைக்காதீர்கள். பின்னால் கண்டாங்கிச் சேலையும் விற்கும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள்: காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, வேறு ஊர்ச் சேலையை அந்தப் பெயரில் விற்றால் வழக்கு வரும்.

பதிவு எந்த வடிவில் என்பதற்கு ஆடிட்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு பிரைவேட் லிமிடெட் என்பார்கள். வெளியார் முதலீடு வாங்கப் போகிறவனுக்கு அதுதான் சரி. ஆனால் விற்பனையே இல்லாவிட்டாலும் வருடாந்திரக் கணக்கைத் தணிக்கை செய்து தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று வருடம் தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர் ஐந்து வருடத்துக்கு வேறெந்தக் கம்பெனியிலும் இயக்குநராக வர முடியாது. இருபத்திரண்டு வயதில் உற்சாகத்தில் பதிந்து, ஆறு மாதத்தில் மறந்து, முப்பதில் நல்ல தொழில் தொடங்கும்போது மாட்டிக்கொள்வது இதில்தான். சாதாரணக் கூட்டு வியாபாரமோ, தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்ற இருவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு என்கிற வகை. மூவருக்கும் இப்போதைக்கு எல்எல்பி, அதாவது பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனம், போதும்: விற்றுமுதல் 40 லட்சத்தையும் மூலதனம் 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை வேண்டாம், ஆனால் இரண்டு வருடாந்திரப் படிவங்களைத் தேதிக்குள் போட்டாக வேண்டும்.

அரசு உதவியை நினைத்திருந்தால் வடிவம் இன்னும் முக்கியம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தனிநபருக்கும் சுயஉதவிக் குழு போன்றவற்றுக்கும்தான் மானியம். மூவர் கம்பெனிக்குக் கிடைக்காது, ஏற்கெனவே ஓடும் தொழிலுக்கும் கிடைக்காது. மானியமும் கையில் வராது. வங்கியில் மூன்று வருடம் நின்று கடனில் கழியும். மாறாக, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் ஒரே ஆள் தன் பெயரில் நடத்தும் கடைக்கு இல்லை. கம்பெனி, எல்எல்பி, பதிவு செய்த கூட்டு நிறுவனம் போன்றவற்றுக்குத்தான். புதுத் தொழில்களுக்கு மாநில அரசு தரும் டான்சீட் நிதியும் அப்படி அங்கீகாரம் பெற்றவர்களுக்கு. வெறுமனே வாங்கி விற்கும் கடைக்கு அந்த அங்கீகாரம் வாங்குவது கஷ்டம், புதுமை என்ன என்று கேட்பார்கள். பதிவுக்கு முன் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருமுறை போய் வரட்டும்.

வீட்டுப் பணம் பற்றித்தான் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று தெரிகிறது. வளவு வீட்டை அடகு வைக்கும் பேச்சை இப்போதே முடித்துவிடுங்கள். பாகம் பிரியாத வீட்டுக்குப் பங்குதாரர் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும், அது நடக்காது, நடந்தாலும் வேண்டாம். 2026 ஏப்ரல் முதல், குறு, சிறு தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நீங்கள் கொடுப்பதானால், போனால் போகட்டும் என்று மனசாரச் சொல்லக்கூடிய ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். அதைக் கடனா, பங்கா என்று எழுதி, வங்கி வழியே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநரின் அப்பா, அம்மா, உடன்பிறந்தார் தங்கள் சொந்தப் பணத்தைக் கடனாகத் தரலாம். அம்மான், அதாவது தாய்மாமன், கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் இல்லை. அவர் கொடுத்தால் அது சட்டம் கட்டுப்படுத்தும் டெபாசிட் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அவர் உதவ நினைத்தால் உங்களிடம் கொடுத்து நீங்கள் கொடுப்பதும் சரியில்லை, கடன் வாங்கிய பணம் இல்லை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்றைய நிலையில் விற்பனை இல்லை, ஆகவே வேலையை விடச் சொல்ல மாட்டேன். சேரும் தேதியை ஆறு மாதம் தள்ளிக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடட்டும். பலர் மறுப்பார்கள், சிலர் கொடுப்பார்கள், பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். மறுத்தால் வேலையில் சேரலாம், நியமன உத்தரவில் பாதியில் விலகினால் கட்ட வேண்டிய பத்திரத் தொகை, வெளி வேலைத் தடை இரண்டையும் பார்த்துக்கொண்டு. தள்ளி வைக்க ஒப்புக்கொண்டால் அந்த ஆறு மாதமும் காரைக்குடியிலேயே இருக்கட்டும். சென்னை வாடகை மிச்சம், சரக்கு செய்கிறவர்களும் இங்கேதான். ஆறாவது மாதக் கடைசியில் அந்த 40 பேரையும் பெட்டிக் கணக்கையும் வைத்து முடிவெடுக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை தம்பியையும் அந்த இரண்டு பேரையும் சேர்த்தே அழைத்து வாருங்கள். நியமன உத்தரவின் முழுப் பிரதி, இதுவரை விற்றது இருந்தால் அதன் பட்டியல், கூரியர் ரசீதுகள், விற்க நினைக்கும் பாக்கெட்டில் ஒன்று, இவை போதும். லோகோ வேண்டாம்.