வேலையை விட்டுவிட்டு முதுநிலை படிக்கலாமா?

கேள்வி: சிவில் முடித்து ஓராண்டாக டிசைன் அலுவலகத்தில் இருக்கிறேன். பெரும்பாலும் வீடுகள், மூன்று மாடிக் கட்டடங்கள். ஸ்ட்ரக்சரலில் முதுநிலைப் பட்டம் இல்லாமல் மேலே போக முடியாது என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூன்று மாடிக்கு முதுநிலைக் கணக்கு தேவைப்படாது. அங்கே சறுக்குவது டீடெய்லிங்கில், அதாவது எந்தக் கம்பி எங்கே, எப்படி என்று வரைவதில்தான். 300 மி.மீ. அகல பீமில் 25 மி.மீ. கம்பி ஐந்தை ஒரே வரிசையில் போட்டால், கவரும் (கம்பியை மூடும் கான்கிரீட்) ஸ்டிரப்பும் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) போக, கம்பிகளுக்கு நடுவே இடைவெளி சுமார் 25 மி.மீ. வரைபடத்தில் சரியாகத்தான் தெரியும். தூணுக்குள் நுழையும் இடத்தில் தூண் கம்பிகளும் குறுக்கே வரும். 20 மி.மீ. ஜல்லி கீழே இறங்காது, ஷட்டரிங் பலகையைப் பிரித்தால் கான்கிரீட்டில் தேன்கூடு போல ஓட்டைகள். இதை எந்த வகுப்பும் சைட் அளவுக்குக் கற்றுத்தராது. இன்னும் ஓரிரு ஆண்டு இருந்து, உங்கள் வரைபடங்களுக்குக் கம்பி கட்டும்போது நேரில் போய்ப் பாருங்கள்.

உயர்ந்த கட்டடம், பாலம், நிலநடுக்க வடிவமைப்பு, இயந்திர அஸ்திவாரம் என்று போக நினைத்தால் கதை வேறு. அங்கே டைனமிக்ஸ் (அதிர்வுக் கணக்கு) தெரியாமல் தாக்குப்பிடிக்க முடியாது. நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று பார்க்கும் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் பகுப்பாய்வில் மூன்று மோடுகளோடு (அதிர்வு வடிவங்களோடு) நிறுத்தினால், நிறைப் பங்கேற்பு (அவற்றில் கணக்கில் வரும் கட்டட நிறையின் பங்கு) விதிநூல்கள் பொதுவாகக் கேட்கும் 90 சதவீதத்தை எட்டாமல் போகலாம். மென்பொருள் அப்போதும் விடை தந்துவிடும், பேஸ் ஷியர்தான் (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தக் கிடைவிசை) குறைந்திருக்கும்.

கல்லூரியின் பெயருக்கு முன் பாடத்திட்டத்தைப் பாருங்கள். டைனமிக்ஸ், ஃபைனைட் எலிமென்ட் (கட்டமைப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடுவது), ஸ்டெபிலிட்டி (நெளிந்து சரியாமல் நிற்பது) மூன்றும் இல்லையென்றால் அது இளநிலையின் மறுஒளிபரப்பு. உங்கள் நாட்டில் பொறியாளர் உரிமத்துக்கு முதுநிலை கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள். கேட்டால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

பணக் கணக்கும் உண்டு. கட்டணம் ஓராண்டுச் சம்பளம், இழக்கும் சம்பளம் இரண்டாண்டு என்று வையுங்கள். படித்தபின் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தால், போட்டதை எடுக்கவே 15 ஆண்டு. சம்பளத்துக்காக மட்டும் என்றால் எனக்கு இது தேறவில்லை.

கேள்வி: அதற்குப் பதில் மென்பொருள் சான்றிதழ் வகுப்பு போதாதா?

பதில்: பட்டன்களை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஆனால் மென்பொருளில் ஸ்லாபைத் தூண் மேல் ஒரே புள்ளியில் தாங்க வைத்து, மெஷ்ஷை (ஸ்லாபைப் பிரிக்கும் கட்டங்களை) 500 மி.மீ.யிலிருந்து 250, 125 என்று சிறிதாக்கிப் பாருங்கள். அந்தப் புள்ளியில் மொமென்ட் (ஸ்லாபை வளைக்கும் திருப்புவிசை) ஏறிக்கொண்டே போகும், எங்கும் நிற்காது. அது மாடலின் கோளாறு. தூணின் முகத்தில் உள்ள மதிப்பை எடுத்து, ஒரு பட்டை அகலத்துக்குச் சராசரி பார்க்க வேண்டும். இது தெரியாதவர் அந்த உச்ச மதிப்புக்குக் கம்பி போட்டுக்கொண்டிருப்பார்.