சீன மூலிகைத் தூள் மூக்கு அலர்ஜிக்கு உதவுமா?

கேள்வி: வருடம் முழுவதும் எனக்குத் தும்மலும் மூக்கொழுகலும்தான். 'சியாவ் சிங் லோங் டாங்' என்ற சீன மூலிகைத் தூளை ஆன்லைனில் பார்த்தேன். 'ஆய்வில் நிரூபணமானது, முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆய்வு என்று அவர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஜப்பானில் இதே கஷாயத்தை 'ஷோ செய்ரியு தோ' என்ற பெயரில் டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். மூக்கு அலர்ஜி உள்ளவர்களை வைத்து அங்கே செய்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளியானது. சிலருக்கு இந்தத் தூள், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்றுத் தூள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் நிவாரணம் அதிகம் கிடைத்தது.

ஆனால் இதிலுள்ள எட்டுச் சரக்குகளில் முதன்மையானது மா ஹுவாங், அதாவது எபெட்ரா. அதிலிருக்கும் எபெட்ரின் மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைப்பைக் குறைக்கும். மூக்கோடு நிற்காது, பிரஷரை ஏற்றும், இதயத்தைப் படபடக்க வைக்கும். அதனால்தான் எபெட்ரின் கலந்த உணவுத் துணைப்பொருட்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது. கூடவே இருக்கும் அதிமதுரமும் அதிகமானால் பிரஷரை ஏற்றக்கூடியது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு 'பக்கவிளைவே இல்லை' என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, எபெட்ராவை எடுத்துவிட்டு விற்றால்? அப்படியும் விற்கிறார்கள். அப்போது அது ஆய்வில் கொடுத்த மருந்தே இல்லை. அந்த முடிவைக் காட்டி விற்பது நியாயமில்லை. 'ஆய்வில் நிரூபணமானது' என்று யார் சொன்னாலும், ஆய்வில் இருந்த சரக்கும் அளவும் இந்தப் பாக்கெட்டிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். சரக்குகளின் தாவரவியல் பெயரைப் போடாத பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். இதில் சேரும் அசாரம் என்ற மூலிகையில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கலாம். வேரா இலையா என்பதைப் பொறுத்து அதன் அளவும் மாறும்.

அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சங்கத்தின் 2015 வழிகாட்டி, மூக்கு அலர்ஜிக்கு மூலிகை மருந்துகளைப் பரிந்துரைக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதே வழிகாட்டி மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. அதைப் பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஒருவேளை தூளை ஏற்கெனவே வாங்கியிருந்தால், பிரிக்காமல் அப்படியே எடுத்துப்போய் அவரிடம் காட்டுங்கள்.