எரியும் பாதத்துக்கு எந்த மாத்திரை?

பாத எரிச்சல், மதமதப்பு, ‘நரம்பு மாத்திரை’ பற்றி வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

அம்மாவுக்கு வயது 62. சர்க்கரைக்கு 11 வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறதாம். ஆறு மாதமாக பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்தும் பலனில்லை. வேறு சத்து மாத்திரைக்கு மாற்றலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

மாத்திரையை மாற்றுவது அப்புறம். முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12 எவ்வளவு என்று காட்டும் சீரம் பி12 பரிசோதனை எடுங்கள். மெட்ஃபார்மின் நாள்பட்டால், குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். நெஞ்செரிச்சலுக்கு பான்டப்ரசோலும் வருடக்கணக்கில் போட்டால் இன்னும் குறையும். சர்க்கரையால் வரும் எரிச்சலும் பி12 குறைவால் வரும் எரிச்சலும் ஒரே மாதிரிதான் இருக்கும். காலைப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு மில்லி லிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால் சந்தேகக் கேஸ். பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மீதைல்மலோனிக் அமிலம் அல்லது ஹோமோசிஸ்டீன் அளவைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், ரத்தசோகை வராமலேயே நரம்பு கெடலாம். பி12 ஊசி போட்ட பிறகு பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது வீண். எண் ஏறித்தான் காட்டும்; பழைய நிலை தெரியாது.

பி-காம்ப்ளெக்ஸ் ஏன் வேலை செய்யவில்லை? அட்டையின் பின்பக்கம் பாருங்கள். பல மாத்திரைகளில் பி12 வெறும் 15 மைக்ரோகிராம். உறிஞ்சும் வழி அறவே கெட்டுப்போனவருக்கு, விழுங்கியதில் சுமார் 1 சதவீதம்தான் தானாகக் கசிந்து ரத்தத்தில் சேரும். அதாவது 0.15 மைக்ரோகிராம். ஒருநாள் தேவையோ 2-க்கும் மேல். 1000 மைக்ரோகிராம் மாத்திரை எழுதுவது இந்தக் கணக்கில்தான்.

நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் ஊசியில்தான் தொடங்குவார்கள்: 1000 மைக்ரோகிராம் வீதம் முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, அதன்பின் மாதம் ஒன்று என்பது ஒரு வழக்கமான முறை. அளவை டாக்டர் முடிவுசெய்யட்டும். அந்தச் சிவப்பு மருந்து வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால்தான் பழுப்புக் குப்பியில் வருகிறது. சிரிஞ்சில் ஏற்றி மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகும் மருந்தல்ல. முதல் சில வாரம் சுருக்சுருக்கென்பது கூடலாம். பயந்து நிறுத்த வேண்டாம். ரத்தசோகை வாரங்களில் தேறும். நரம்புக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் முழுதும் திரும்பாது.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12 போடாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுக்காதீர்கள்: ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

எங்கள் வீட்டில் தினமும் மீன். எனக்கு எப்படி பி12 குறையும்?
– வாசகர், காசிமேடு

மத்தியும் கானாங்கெளுத்தியும் பி12 நிறைந்தவைதான். 100 கிராமிலேயே ஒருநாள் தேவையைப்போல் பல மடங்கு கிடைக்கும். ஆனால் தட்டில் இருப்பதெல்லாம் ரத்தத்தில் சேர வேண்டுமே! வயதானாலோ வயிற்றின் உட்சவ்வு தேய்ந்துபோனாலோ சேராது. தினமும் குடிப்பவரானால் பி1 குறைவையும் சந்தேகிக்க வேண்டும். போதாததற்கு மதுவே நரம்பை நேரடியாகக் கெடுக்கும். குடித்துக்கொண்டே பி1 மாத்திரை போடுவதில் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். ‘நரம்பு வைட்டமின்’ என்று ஒரு கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். வலி உடனே குறைந்தது, ஆனால் தலை கிறுகிறுக்கிறது.
– வாசகர், திருவொற்றியூர்

அட்டையில் ‘ப்ரீகாபலின் 75 மி.கி.’ என்று இருக்கிறதா பாருங்கள். நரம்பு வலி மருந்தான அதை, பி12-இன் ஒரு வடிவமான மீதைல்கோபாலமினோடு சேர்த்து விற்கும் கேப்ஸ்யூல்கள் நிறைய. உடனே வலியைக் குறைத்தது வைட்டமின் அல்ல, ப்ரீகாபலின். தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம், எடை கூடுதல் எல்லாம் அதன் பக்கவிளைவுகள். உடம்புக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது; டாக்டர் சொல்படி, ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சத்து மாத்திரை அதிகமானால் சிறுநீரில் போய்விடும்தானே?
– வாசகி, வியாசர்பாடி

எல்லாம் போகாது. பி6-ஐ அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே பாதத்தில் மதமதப்பையும் எரிச்சலையும் கொண்டுவரும். நோய் முற்றுகிறது என்று நினைத்து மாத்திரையைக் கூட்டுபவர்கள் உண்டு. ஒருநாள் தேவை சுமார் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் வைத்த உச்சவரம்பு 12 மில்லிகிராம்; அமெரிக்க வரம்பு 100. வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் எடுத்துவைத்து ‘பைரிடாக்ஸின்’ (பி6-இன் இன்னொரு பெயர்) அளவைக் கூட்டிப் பாருங்கள். காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுபவர்களுக்கு இது பொருந்தாது: அந்த மருந்து பி6-ஐக் குறைப்பதால்தான் கூடவே பைரிடாக்ஸின் தருகிறார்கள். அதை விடாமல் சாப்பிட வேண்டும்.

துத்தநாக மாத்திரையும் அப்படித்தான். 50 மில்லிகிராமை மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் தாமிரம் குறைந்து நடை தள்ளாடலாம். வைட்டமின் டி 60,000 யூனிட் பெரும்பாலும் வாரம் ஒன்றுக்கு எழுதுவது. தினம் ஒன்று என்று விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

ஆல்ஃபா லிபோயிக் அமிலம், மக்னீசியம் மாத்திரைகள் பாத எரிச்சலுக்கு உதவுமா?
– வாசகர், பெரம்பூர்

முதலாவதை 600 மில்லிகிராம் அளவில் சர்க்கரை நரம்பு வலிக்குத் தருகிறார்கள். சிலருக்கு எரிச்சல் ஓரளவு குறைகிறது. கெட்ட நரம்பு திரும்பும் என்று நம்ப வேண்டாம். வெறும் வயிற்றில் போட்டால் உடம்பு நன்றாக உறிஞ்சும், குமட்டினால் சாப்பாட்டோடு போடலாம். மக்னீசியம் ரத்தத்தில் குறைந்திருந்தால் மட்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எப்போது மாத்திரையை நம்பி உட்காரக் கூடாது?
– வாசகி, ராயபுரம்

நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்றால் உணர்ச்சி நிறையவே போய்விட்டது. தினமும் உள்ளங்காலில் புண் இருக்கிறதா பார்த்து, சீக்கிரம் டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமல் இருந்தால் தொழுநோய்ப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, பலவீனம் காலிலிருந்து மேலே ஏறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ அன்றைக்கே ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாப்பிட்ட அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.