சின்க்ளேர் சயின்டிபிக் (1974) கால்குலேட்டரில் இருந்தது சாதாரணக் கூட்டல்-கழித்தல் சிப்தான் என்கிறார்கள். அதில் சைன், லாக் எல்லாம் எப்படிப் போட்டார்கள்?

உண்மைதான். உள்ளே இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்0805. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்ற நான்குக்காக வடிவமைத்த சிப். நிரல் நினைவகத்தில் 320 கட்டளைகளுக்குத்தான் இடம். கணக்கின் நடுவே எண்களை வைத்துக்கொள்ளும் 11 இலக்க இடங்கள் (பதிவேடுகள்) மூன்று. அதற்கு இரண்டு வருடம் முன்பு 395 டாலருக்கு வந்த ஹியூலெட்-பேக்கார்டின் எச்பி-35 கால்குலேட்டருக்கு மூன்று ரோம் (நிரல் நினைவக) சிப்புகளில் 768 கட்டளைகள் இருந்தன. சின்க்ளேர் அன்றைக்கு விற்ற விலை 49.95 பவுண்டு. நிரலை எழுதியவர் நைஜல் சியர்ல். அவர் செய்ததில் பாதி, எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை வெட்டுவது என்பதுதான்.

முதலில் போனது தசமப்புள்ளி விசை. எல்லா எண்ணும் அறிவியல் குறியீட்டில்தான், அதாவது 30 என்றால் 3.0, பத்தின் அடுக்கு 1. முதல் இலக்கத்துக்குப் பின்னால் புள்ளி நிலையாக நிற்கும். திரையில் ஐந்து இலக்கம், அடுக்குக்கு இரண்டு. அடுத்து சமன் விசை போனது. எண்ணை முதலில் கொடுத்து, செயலைப் பிறகு அழுத்தும் முறை என்பதால் பாதியில் நிற்கும் செயலை நினைவில் வைக்கத் தேவையில்லை, அதற்கான கட்டளைகளும் மிச்சம். மாறிலிகளுக்கும் உள்ளே இடமில்லை. அதனால் பை (3.14159), 10இன் இயற்கை லாக் (2.30259), ஒரு ரேடியனுக்கு எத்தனை பாகை (57.2958) போன்றவற்றைப் பெட்டியின் முகப்பிலேயே அச்சடித்துவிட்டார்கள், நாமே பார்த்துத் தட்ட வேண்டியதுதான். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் உண்டு. எனக்கு இது சரியான முடிவாகவே படுகிறது.

இப்போது சைன். கோணத்தை ரேடியனில் கொடுக்க வேண்டும், 0 முதல் 90 பாகைக்குள். உள்ளே நடப்பது இதுதான்: காஸ் = 1, சைன் = கிட்டத்தட்ட 0 என்று ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றிலும் கோணத்திலிருந்து 0.001 கழிக்கிறது. கூடவே சைனோடு காஸில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட்டுகிறது, காஸிலிருந்து சைனில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கழிக்கிறது. கோணம் தீரும்வரை இதே வேலை. ஆயிரத்தால் வகுப்பதற்கு இந்தச் சிப்பில் வகுத்தலே வேண்டாம். எண்களைத் தசம இலக்கங்களாகவே வைத்திருப்பதால் மூன்று இடம் வலப்பக்கம் தள்ளினால் போதும். மொத்த சூட்சுமமும் அங்கேதான். டேன் வேண்டுமென்றால் கடைசியில் ஒரு வகுத்தல். எதிர்ச் செயல்களுக்கு (சைனைக் கொடுத்துக் கோணம் கேட்பது போன்றவை), எத்தனை சுற்று ஓடியது என்ற எண்ணிக்கையிலிருந்தே கோணம் கிடைத்துவிடும்.

30 பாகை என்றால் 0.5236 ரேடியன், ஐநூறு சுற்றுக்கு மேல். 90ஐ நெருங்கினால் ஆயிரத்து ஐநூறுக்கு மேல். அதனால்தான் சின்னக் கோணத்துக்குச் சட்டென்று விடை வருகிறது, பெரிய கோணத்துக்குப் பத்து விநாடிக்கு மேல் காக்க வைக்கிறது. கோளாறு என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள்.

லாக்கும் இதே புத்திதான். எண்ணை 1க்குக் கீழே போகும்வரை 0.99ஆல் பெருக்கிக்கொண்டே போகிறது. 0.99ஆல் பெருக்குவது என்பது நூறில் ஒரு பங்கைக் கழிப்பது, அதாவது இரண்டு இடம் தள்ளி ஒரு கழித்தல். காகிதத்தில் 2ஐ எடுத்துச் செய்து பாருங்கள். 69 முறை பெருக்கினால் 0.9997 ஆகும். 0.99இன் லாக் -0.0043648. 69ஐ அதால் பெருக்கினால் குறியை விட்டு 0.30117. கடைசியில் 1க்குக் கீழே போன 0.0003 சொச்சத்துக்கு 0.00014 கழித்தால் 0.3010. அடுக்கில் இருக்கும் எண் அப்படியே முழு எண் பகுதியாகச் சேர்ந்துவிடும். வர்க்கமூலத்துக்குத் தனி விசை இல்லை. லாக் எடுத்து, 2ஆல் வகுத்து, எதிர்லாக் போட வேண்டும்.

துல்லியம் சுமார்தான். இலக்கங்களைத் தள்ளும்போதெல்லாம் கடைசியில் உள்ளவை வெட்டுப்படுகின்றன. நூற்றுக்கணக்கான சுற்றில் அது சேர்கிறது. திரிகோணமிதிக்கும் லாக்குக்கும் முதல் மூன்று இலக்கத்தை நம்புங்கள், மீதியை அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பொறியாளர் கையில் இருந்த ஸ்லைடு ரூலும் (நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல்) அவ்வளவுதான் கொடுத்தது என்பதால் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. தவறான உள்ளீட்டைச் சோதிக்கவும் இடமில்லை. 90 பாகையைத் தாண்டிய கோணத்தைக் கொடுத்தால் எச்சரிக்காது, கண்டதைக் காட்டும். பூஜ்யத்தால் வகுத்தால் முடிவில்லாமல் சுற்றும்.

பழையது ஒன்றை வாங்கப்போகிறீர்கள் என்றால் நான்கு ஏஏஏ பேட்டரி கையோடு கொண்டுபோங்கள். மூடியைக் கழற்றித் தகட்டு முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ படிந்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. ஆல்கலைன் கசிவு காரத்தன்மை உள்ளது, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். தகடு அரித்து மெலிந்திருந்தால் விட்டுவிடுங்கள். அடுத்து 88888 தட்டி எல்லாக் கோடும் எரிகிறதா பாருங்கள். அதன் பிறகு 30 பாகைக்கு சைன் (சி என்பது அழிக்கும் விசை, ஈ என்பது அடுக்கு விசை): சி, 3, ஈ, 1, கூட்டல், 57296, ஈ, 1, வகுத்தல். முதல் எண்ணை உள்ளே அனுப்புவதும் கூட்டல் விசைதான், புதிதாகப் பிடிப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். இப்போது 5.2360, அடுக்கு -01 போல வரும். மேல் அம்பை அழுத்தி சைன் என்று குறித்த விசையை அழுத்தினால் அரைக்கு மிக அருகில் ஓர் எண் வர வேண்டும். சரியாக 5.0000 வரவில்லை என்று விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.